தர்மய்யாவின் அண்ணன்

ஹைதராபாத்
12.06.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி பிரைட்டன் எழுதுவது. ஸ்தோத்திரம். நானும் வீட்டுக்காரி லிஜியும் இங்கே சுகம். நீங்களும் மைனியும் மகள் ஜாஸ்மியும் அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

இந்த வருஷம் இதுவரை ஆறு படம் முடித்துவிட்டேன். கதாநாயகனிடம் அறை வாங்குவது, பெண் பார்க்கப் போன இடத்தில் வழுக்கி விழுவது, பேயைக் கண்டு ஓடுவது, இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்கிறேன். ஆனாலும் தெலுங்குக்காரர்கள் பாசக்காரர்கள். போன வாரம் பல்வலிக்கு டாக்டரிடம் போனேன். வாயைத் திறக்கச் சொன்னவர், என் முகத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து ஊசியையே கீழே போட்டுவிட்டார். விஜயவாடாவில் ஒரு விருதும் கொடுத்தார்கள். வீட்டில் வைக்க இடமில்லாமல் ஃப்ரிட்ஜுக்கு மேலே வைத்திருக்கிறேன்.

அங்கே மழை பிடித்திருக்குமே. வெட்டுப் பட்டை நனையாமல் ரப்பர் மரங்களுக்கு பிளாஸ்டிக் கட்டியாகிவிட்டதா? ஒரு குறை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போடுகிறேன். மைனி பேசுகிறாள், ஜாஸ்மி பேசுகிறாள். நீங்கள் பக்கத்தில் நின்று செருமுவது மட்டும்தான் கேட்கிறது. ஒரு வார்த்தை பேசினால் என்ன?

அன்புத் தம்பி,
பிரைட்டன்

குலசேகரம்
02.07.2023

அன்புள்ள தம்பி பிரைட்டனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் நனைந்து வந்தது. தபால்காரர் பகவதியப்பன் குடையைத் தனக்குப் பிடித்துக்கொண்டு உன் கடிதத்தை மழையில் பிடித்திருக்கிறார். எழுத்து அழியவில்லை.

நான் செருமவில்லை, பேசத்தான் செய்தேன். என் நாக்கு விஷயம் உனக்குத் தெரியாதா? நேரில் என்றால் ஆட்கள் என் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். போனில் மூன்று நொடி சத்தம் வராவிட்டால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடுவார்கள். கடிதத்தில் எனக்குத் திக்குவதில்லை. நீ ஊரைவிட்டுப் போன இருபத்தாறு வருஷமும் நான் எழுதிக்கொண்டே இருப்பது அதனால்தான்.

மரங்களுக்கு பிளாஸ்டிக் கட்டியாகிவிட்டது. முந்நூற்றைம்பது மரம் எனக்கு. விடியும் முன்னே போய் பட்டையைக் கீறி வெட்டிவிட்டு, பால் எடுத்து, ரப்பர் ஷீட் அடித்துப் போட்டால் பத்து மணிக்கு வேலை முடிந்துவிடும். அதுவரைக்கும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. மைனிக்கு முட்டு வலி. ஜாஸ்மிக்கு பி.எட். முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. இப்போதே என்னை மாணவனாக வைத்துப் பாடம் நடத்துகிறாள்.

உன் படம் ஒன்றையாவது பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. நம் ஊருக்குத் தெலுங்குப் படம் வருவதில்லை. சபைக் கமிட்டியில் யேசுதாசன் கேட்டார், "உனக்க தம்பிக்கு அங்க என்ன வேஷம்?" என்று. சிரிக்க வைக்கிற வேஷம் என்றேன். "எப்படியாக்கும் சிரிக்க வைக்கியான்?" என்றார். எப்படிச் சிரிக்க வைக்கிறாய்? எழுது.

உன் அண்ணன்,
எட்சன்

ஹைதராபாத்
30.07.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

சென்னையில் மெஸ்ஸில் சோறு பரிமாறியதும், அங்கே சாப்பிட வந்த மேக்கப்காரர் ஒருவர் என்னை உதவிக்கு ஹைதராபாத் கூட்டி வந்ததும் உங்களுக்குத் தெரியும். பவுடர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு எட்டு வருஷம் அலைந்தேன். கூட்டத்தில் ஆள் குறைந்தால் என்னை நிறுத்துவார்கள். கல்யாண வீட்டில் பந்தல்காரன், சாவு வீட்டில் நாலு பேரில் ஒருவன். 2009-இல் ஒருநாள், கிராமத்து குமாஸ்தாவாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. டைரக்டர் சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இரண்டே வரி வசனம்தான். தெலுங்கு எனக்குக் காதில் நின்றதே தவிர நாக்கில் நிற்கவில்லை. நாலாவது வார்த்தையில் மாட்டிக்கொண்டேன். டைரக்டர் முகம் சிவந்தது. நூறு பேர் பார்க்கிறார்கள். அந்தப் பயத்தில் என்னமோ ஒன்று செய்தேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "இதையே செய், இப்படியே செய்" என்றார் டைரக்டர். அன்றைக்குப் பிடித்தது, பதினாலு வருஷமாக என்னை விடவில்லை.

என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். எழுதினால் சப்பென்று இருக்கும். படமும் பார்க்க வேண்டாம். சபைக்காரர் முகம் சுளிக்கிற பாட்டெல்லாம் நடுவில் வரும்.

மைனியின் முட்டுக்கு ஒரு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு ஒரு கட்டம் போட்ட சட்டையும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போடுங்கள், மரம் வெட்டப் போடாதீர்கள்.

அன்புத் தம்பி,
பிரைட்டன்

குலசேகரம்
19.11.2023

தம்பி பிரைட்டனுக்கு,

இந்த மாதம் நாலாம் தேதி, சனிக்கிழமை, நான் பால் எடுத்துவிட்டு வந்தபோது உன் மைனி குளிமுறியில் விழுந்து கிடந்தாள். இடுப்பை அசைக்க முடியவில்லை. ஜாஸ்மி வகுப்புக்குப் போயிருந்தாள். அழுக்குச் சட்டையோடு போக வேண்டாமே என்று, கொடியில் கிடந்த நீ அனுப்பிய சட்டையை மாட்டிக்கொண்டு ஜங்ஷனுக்கு ஓடினேன்.

ஆட்டோ ஸ்டாண்டில் நாலு பேர் நின்றார்கள். சொல்ல வாயெடுத்தேன். "ச" என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அவள் பேர் எனக்கு எப்போதும் கஷ்டம். கல்யாணத்தன்றைக்கே போதகர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவசரத்துக்கு அம்மா ஒரு வழி சொல்லித் தந்திருக்கிறாள் அல்லவா, வார்த்தை வராவிட்டால் ராகம் போட்டுப் பாடிவிடு என்று. ஞானப்பாட்டு ராகத்தில் பாடினேன். "சத்தியபாய் விழுந்துட்டா, ஆட்டோ வேணும், சீக்கிரம்."

நாலு பேரும் சிரித்தார்கள். ஷிபு என்கிற பையன் சொன்னான், "அண்ணாச்சி, தர்மய்யா மாதிரியே செய்யுதியளே!" எனக்குத் தர்மய்யா யாரென்று தெரியாது. அவன் போனை எடுத்து நீட்டி, "இன்னொருக்க பாடுங்க, சத்தம் சரியா விழல்லை" என்றான். இரண்டாம் தடவை பாடினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த வேஷத்தில் கும்பிடுவதும் உண்டாம், இன்னும் சிரித்தார்கள். மூன்றாம் தடவை பாடும்போது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் அவர்களில் லிஜின் என்கிறவன், "லே, நிறுத்துலே, அவரு சும்மா செய்யல்லை" என்று சொல்லி வண்டியை எடுத்தான்.

இடுப்பெலும்பில் முறிவு. ஆபரேஷன் நடந்தது. இப்போது நடைவண்டியைப் பிடித்து நாலு அடி வைக்கிறாள். நான் வர ஏன் பிந்தினேன் என்று கேட்டாள். ஆட்டோ இல்லை என்று சொன்னேன். அவளுக்கு இது எதுவும் தெரியாது. நீயும் போனில் சொல்லிவிடாதே.

ஒரு வாரம் கழித்து ஜாஸ்மி அழுதுகொண்டு வந்தாள். அவள் போனில் ஒரு தெலுங்குப் படம், தமிழ்க் குரல் கொடுத்து வந்திருக்கிறது. இரண்டு மாதமாக நம் பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் அதைத்தான் பார்க்கிறார்களாம். "நத்தி" என்றால் தெலுங்கில் திக்குவாய் என்றும், "நத்தி தர்மய்யா" என்பது நீதான் என்றும் அவள் சொல்லித்தான் தெரிந்தது. முதலில் உன் முகத்தைக் கண்டதும் சந்தோஷப்பட்டேன். வயிறு போட்டுவிட்டாயே என்று நினைத்தேன். பிறகு நீ ஒரு கடையில் போய் நின்றாய். தொண்டையைப் பிடித்தாய். இடது கையால் தொடையில் தட்டினாய். கண்ணை மூடிக்கொண்டு, சீனியும் தேயிலையும் வேண்டும் என்று பாடினாய்.

நான் தொடையில் தட்டுகிறேன் என்பது எனக்கே தெரியாது, தம்பி. உன்னைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஜாஸ்மி இன்னொன்றும் காட்டினாள். ஷிபு எடுத்த வீடியோ. "கன்னியாகுமரி தர்மய்யா" என்று பேர் போட்டிருக்கிறார்கள். அதை உன் பேரிலுள்ள இணையப் பக்கத்தில் எடுத்துப் போட்டு, "என் அருமை ரசிகர்" என்று எழுதியிருக்கிறது. எத்தனையோ ஆயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். அவள் கூடப் படிக்கிற பிள்ளைகளும் பார்த்தார்களாம். "ஒனக்க அப்பாவா?" என்று கேட்டவர்களிடம் இவள் இல்லை என்று சொல்லிவிட்டாள். அதற்குத்தான் அழுகிறாள். என்னைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

அதை அங்கே போட்டது நீயா? வேறு எதுவும் எழுத வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுது.

எட்சன்

ஹைதராபாத்
02.12.2023

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. எழுதிக் கிழித்ததைக் கூட்டினால் ஒரு நோட்டு வரும்.

அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது சுதன் என்று ஒரு ஆள். படப்பிடிப்பில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். "சார், உங்க ஊர்ப் பக்கம் ஒருத்தர் உங்களை அப்படியே செய்யறார்" என்று போனைக் கொண்டுவந்தான். பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்தோம். முதல் நொடியிலேயே உங்களைத் தெரிந்துவிட்டது. சட்டை நான் வாங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். "யார் சார், தெரிஞ்சவரா?" என்று சுதன் கேட்டான். "தெரியாது, யாரோ ரசிகன்" என்றேன். நானும் சிரித்தேன். "நம்ம பக்கத்துல போடட்டுமா?" என்றான். "போடு" என்றேன்.

போட்டது நான்தான், அண்ணே.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அவர்கள் சிரிப்புச் சத்தத்தில் உங்கள் குரல் சரியாகக் கேட்கவில்லை என்று எழுதலாமா என்று ஒன்பது நாளும் யோசித்தேன். கேட்டது. மைனி பேர் கேட்டது. விழுந்துவிட்டாள் என்பதும் கேட்டது. சாயங்காலம் போன் போட்டேன். ஜாஸ்மி எடுத்து, "சித்தப்பா, அம்மா ஆஸ்பத்திரியில" என்றாள். "அப்படியா? எப்போ?" என்று கேட்டேன். அது மட்டும் நன்றாக நடித்தேன்.

2009-இல் அந்த நாலாவது வார்த்தையில் மாட்டிக்கொண்டபோது எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. நாலு வயதில் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வருவேன். நீங்கள் பாடிக் கேட்கும்போது யாராவது சிரித்தால் அவன் காலைப் பார்த்துக் கல்லெறிவேன். அந்தப் பாட்டு என்னைக் காப்பாற்றும் என்று பாடினேன், காப்பாற்றியது. ஒருநாளைக்கு என்றுதான் செய்தேன். அடுத்த படத்திலும் அதுவே வேண்டும் என்றார்கள். பதினோரு படத்தில் தர்மய்யாவாக வந்துவிட்டேன். தெலுங்கு நம் ஊருக்கு எட்டாது என்பதுதான் எனக்குத் தைரியம். எட்டாது என்று நினைத்துச் செய்தேன் என்றால், தப்பு என்று தெரிந்தே செய்திருக்கிறேன் என்றுதானே அர்த்தம்.

வீடியோவை எடுத்துவிட்டேன். தர்மய்யாவையே கதாநாயகனாக வைத்து ஒரு படம் பேசி முடித்திருக்கிறார்கள், தை மாதம் தொடக்கம். அதைச் செய்யவா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். அதே ஜங்ஷனில் நின்று, எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

பிரைட்டன்

குலசேகரம்
14.12.2023

தம்பிக்கு,

ஒளிக்காமல் எழுதியிருக்கிறாய். படித்தேன்.

ஜங்ஷனில் நின்று சொல்வேன் என்கிறாய். நீ போய் நின்றால் அது படப்பிடிப்பு. கூட்டம் கூடும், கை தட்டும். எனக்கு அது வேண்டாம். மைனியைப் பார்க்க வேண்டுமானால் பிறகு ஒருநாள் வா. இப்போது வராதே.

நான் இப்போது பாடுவதில்லை. வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கடையில் கொடுக்கிறேன். கடைக்காரர் இஞ்ஞாசி ஒன்றும் கேட்காமல் எடுத்துத் தருகிறார். சௌகரியமாகத்தான் இருக்கிறது.

எட்சன்

குலசேகரம்
02.01.2024

அன்புள்ள தம்பி பிரைட்டனுக்கு,

வராதே என்று எழுதினேன், வந்தாய். நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து நீ அதைப் பார்க்கவில்லை. நீ கார் ஏறிப் போன பிறகு நடந்ததும் உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நான் ஜங்ஷனுக்கு வந்தபோது உன் காரைச் சுற்றி ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். ஆளுக்கு ஒரு போன். "தர்மய்யா, ஒருக்க பாடுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அப்படியே திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் நீ கண்டுவிட்டாய். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாய்.

"இது எனக்க அண்ணன், எட்சன்" என்றாய். "இவருக்க வாயைத்தான் நான் திருடி வச்சிருக்கேன். இவரு ஆருன்னு கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னவன் நான்."

சிரித்தார்கள். நீ நிறுத்தி, மறுபடியும் அதையே சொன்னாய். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நீ அழுதாய். "அண்ணே, அழுகையும் சூப்பரா செய்யுதியளே!" என்று ஷிபு கத்தினான். போன்களெல்லாம் மேலே எழும்பின. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். வாய் திறந்தது, ஒரு வார்த்தையும் வரவில்லை. தொண்டை மட்டும் அசைந்தது. அது நடிப்பு இல்லை. அந்தக் கூட்டத்தில் அதைத் தெரிந்துகொள்ளக் கூடியவன் நான் ஒருவன்தான்.

இனி எழுதுவது உன்னிடம் சொல்ல வெட்கமான விஷயம். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சிரிக்கட்டும், இன்னும் சிரிக்கட்டும், இவனுக்கும் தெரியட்டும் என்று இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன். அவர்கள் சிரிப்பில் நான் வாயைத் திறக்காமல் சேர்ந்துகொண்டேன். பிறகு நீ, நாலு வயதில் பிடித்த மாதிரி, என் சட்டையைப் பிடித்தாய். எனக்கு என்னையே பிடிக்காமல் போயிற்று.

அப்போதுதான் பேசினேன். பாடவில்லை. பையில் பேனாவும் சீட்டும் இருந்தன, எடுக்கவில்லை. "இவன் எனக்க தம்பி. சிரிக்காதீங்க. வீட்டுக்குப் போங்க." இவ்வளவுதான். எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. லிஜின் பிறகு சொன்னான், திருவனந்தபுரம் பஸ் வந்து, ஆள் இறங்கி, ஏறி, போகிற வரைக்கும் ஆனதாம். முதல் வார்த்தையில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். "தம்பி" என்பதற்கு வந்தபோது ஷிபு போனைச் சட்டைப் பையில் வைத்தான். முடிக்கும்போது ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

நீ அதற்குமேல் நிற்கவில்லை. என் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வராமலே போய்விட்டாய்.

நேற்று ஷிபு வீட்டுக்கு வந்து வாசலில் நின்றான். முற்றத்தில் காய்ந்த ஷீட்டுகளையெல்லாம் எடுத்து அடுக்கி வைத்துவிட்டுப் போனான்.

புதுப் படத்தை விடவா வேண்டாமா என்று காரில் ஏறும்போதும் கேட்டாய். தொடங்கும்போது என்னைக் கேட்கவில்லை. விடுவதற்கும் என்னைக் கேட்காதே. நீயே முடிவு செய். மன்னித்தேன் என்று எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். இன்னும் வரவில்லை. வருகிற அன்றைக்கு எழுதுகிறேன். நீ எழுதுவதை நிறுத்த வேண்டாம்.

அன்றைக்கு ஜங்ஷனிலிருந்து நான் வீட்டுக்குப் போனபோது, உனக்கென்று நெய்மீன் குழம்பு வைத்து, இலையும் போட்டு மைனி உட்கார்ந்திருந்தாள். "பிரைட்டன் எங்க? சாப்பிடல்லியா?" என்று கேட்டாள். கார் வந்தது அவளுக்குத் தெரியும். வேறு ஒன்றும் தெரியாது. நான் பிந்தி வந்த அன்றைக்கு ஆட்டோ இல்லை என்று சொன்னதைத்தான் இந்த இரண்டு மாதமும் நம்பிக்கொண்டிருந்தாள்.

எழுதிக் காட்டிவிடலாம் என்று ஜாஸ்மி பேப்பரை எடுத்து வந்தாள். வேண்டாம் என்று மைனி பக்கத்தில் உட்கார்ந்து, வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று தடவை பாடினதைச் சொன்னேன். ஷிபு செய்ததை, நீ செய்ததை, நான் அன்றைக்கு ஜங்ஷனில் சந்தோஷப்பட்டதைச் சொன்னேன். குழம்பு ஆறிப்போய் மேலே ஆடை படிந்துவிட்டது. நான் எந்த வார்த்தையில் நின்றாலும் அவள் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உன் அண்ணன்,
எட்சன்